செயலாளருக்கு வந்த படர்தாமரை

சுங்கை பினாங்கில் ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் அந்த அடுக்குமாடியில் வில்லியத்துக்குப் பயப்படாதவை கைக்குழந்தைகளும் பூனைகளும்தான். மற்ற எல்லாரும் லிஃப்டில் அவரைக் கண்டதும் கையிலிருக்கும் குப்பைப் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார்கள்.

அவர் பிறந்தது நிபோங் தெபால் பக்கம், பைராம் தோட்டத்தில். வாலிப வயதில் பினாங்குத் தீவுக்கு வந்து பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் காவலராகச் சேர்ந்தார். காவலர்களுக்கே தலைவராகி ஓய்வு பெற்றார். வாசலில் நின்றபடியே ஒருவர் தோளில் பை தொங்குகிற விதத்தை வைத்து, உள்ளே இருப்பது சாப்பாட்டு டப்பாவா கம்பெனிச் சாமானா என்று சொல்லிவிடுவார். ஒருமுறை ஒருவன் ஹெல்மெட்டுக்குள் செம்புக் கம்பியைச் சுருட்டி வைத்து மாட்டிக்கொண்டு வந்தான். "என்னா தம்பி, தலை இன்னிக்கு ரொம்பக் கனமா இருக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான், அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

ஓய்வு பெற்ற பிறகு காவல் காக்க அவருக்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. மகன் சிங்கப்பூரில் வேலை. வீட்டில் இருந்தது மனைவி அமலம்மாள் மட்டும். அவள் ஃபிரிட்ஜை எத்தனை தடவை திறக்கிறாள், ஏன் திறக்கிறாள் என்று விசாரிக்க ஆரம்பித்தார். தாங்க முடியாமல் அமலம்மாளே குடியிருப்போர் சங்கத்துக்கு அவர் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள். எதிர்த்து நிற்க யாருக்கும் துணிவில்லை. வில்லியம் செயலாளரானார்.

செயலாளரானதும் அவர் முதலில் கை வைத்தது பூனைகள் மேல். கீழ்த்தளத்து மாடிப்படிக்கு அடியில் தெருப்பூனைகளுக்குச் சோறு வைப்பது ரொஸ்னாவின் பழக்கம். இரண்டாவது மாடிக்காரி, கணவனை இழந்தவள், மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவள் அம்மா தமிழ் முஸ்லிம் என்பதால் தமிழில் சண்டை போடுவதில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. வில்லியம் மூன்று மொழிகளில் அறிவிப்பு எழுதி ஒட்டினார்: பூனைகளுக்கு உணவளிக்கக் கூடாது, பூனை வளர்க்கக் கூடாது, மீறினால் நடவடிக்கை.

"என்னா நடவடிக்கைலா எடுப்பீங்க, வில்லியம் அண்ணே? பூனைய புடிச்சு ஜெயில்ல போடுவீங்களா?" என்று ரொஸ்னா நடுவழியில் நின்று கேட்டாள்.

"சட்டம்னா சட்டம்தான்" என்றார் வில்லியம்.

சட்டம் ஒரு மழை நாளில் மத்தியானம் உடைந்தது.

கீழ்த்தளத்தில் சங்கத்துக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. பிளாஸ்டிக் நாற்காலிகளும் தீயணைப்பு மணல் வாளிகளும் மாலை ரோந்துக்குப் போட்டுக்கொள்ளும் பச்சை நிற வெஸ்ட்டுகளும் அங்கேதான் கிடக்கும். சாவி வில்லியத்திடம். அன்றைக்குக் கதவைத் திறந்தபோது நாற்காலி அடுக்குக்குப் பின்னால் ஏதோ தும்மியது. எட்டிப் பார்த்தால், நனைந்துபோன ஒரு வெள்ளைக் குட்டி. கண்ணாடி ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே விழுந்திருக்க வேண்டும். கழுத்தைப் பிடித்துத் தூக்கி வெளியே விடுவதுதான் அவர் எண்ணம். தூக்கினார். அது அவர் உள்ளங்கையில் இன்னொரு தும்மல் போட்டுவிட்டு அங்கேயே சுருண்டு தூங்கிப்போனது.

மழை விடட்டும் என்று நினைத்தார் வில்லியம். மழை விட்டது. தரை காயட்டும் என்று நினைத்தார். தரையும் காய்ந்தது. குட்டி மட்டும் அறையை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு, முப்பது வருடம் கடத்தல்காரர்களைப் பிடித்தவர் கடத்தல்காரரானார். எந்தப் பையில் எதை எப்படி வைத்தால் தெரியாது என்று அவருக்கா சொல்லித்தர வேண்டும்? அவித்த மீனை நியூஸ்பேப்பரில் சுற்றி, அதைக் குடைக்குள் வைத்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். குட்டி ஒதுங்கத் தீயணைப்பு வாளியின் மணல் இருந்தது. தினமும் அதை மாற்றி, தரையைத் துடைத்து, நாற்றமே இல்லாமல் பார்த்துக்கொண்டார். படுக்க அது தானாகவே வெஸ்ட் குவியலைத் தேர்ந்தெடுத்தது. மத்தியானம் அமலம்மாள் பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில், சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தால், அது ஏறி வந்து நெஞ்சின் மேல் படுத்துக்கொண்டு கர்கர் என்று இயந்திரம் ஓட்டும். கதவுக்கு வெளிப்புறத்தில் அவருடைய அறிவிப்பு மூன்று மொழிகளிலும் மிரட்டிக்கொண்டிருக்கும்.

குட்டியின் காதுக்குப் பின்னால் கொஞ்சம் முடி உதிர்ந்து, சாம்பல் பூசின மாதிரி செதில் செதிலாக இருந்தது. சொறிந்துகொண்டதால் வந்திருக்கும் என்று அவர் பெரிதாக நினைக்கவில்லை. அதே இடத்தில்தான் விரலால் நீவிக் கொடுப்பார். அதற்கும் அதுதான் பிடிக்கும்.

சில வாரத்தில் வில்லியத்தின் நெஞ்சில் ஒரு வட்டம் வந்தது. ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்து, கவராயம் வைத்து வரைந்த மாதிரி ஒரு வட்டம். அரிப்பென்றால் அப்படி ஓர் அரிப்பு. வியர்க்குரு என்று முடிவு கட்டி, அமலம்மாள் தன் கைச் சொறிக்கு வாங்கி வைத்திருந்த களிம்பை எடுத்துத் திருட்டுத்தனமாகப் பூசினார். அரிப்பு அடங்கியது. வட்டம் அடங்கவில்லை. ஐம்பது காசு அளவு இருந்தது பிஸ்கட் அளவுக்கு ஆனது, பக்கத்திலேயே தம்பி ஒன்று பிறந்தது, பிறகு தாடைக்குக் கீழே தங்கை ஒன்று. தாடைக்கு வந்ததை மறைக்க முடியுமா?

"ஏங்க, இது குராப்புங்க! படர்தாமரை!" என்று அமலம்மாள் அலறினாள். மறுநாளே ஜாலான் பேராக் பக்கம் இருந்த கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் காமினி இளம் பெண். ஒரு நீல விளக்கை அவர் தாடைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அங்கே சின்னச் சின்ன முடி ஒன்றிரண்டு பச்சையாக மின்னின. கொஞ்சம் தோலைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்தாள்.

"படர்தாமரைதான், அங்கிள். இது பூச்சி இல்ல, பூஞ்சை. என்னா கிரீம் போட்டீங்க?"

வில்லியம் சொன்னார்.

"ஐயோ! அது அரிப்பை மட்டும்தான் அடக்கும். பூஞ்சைக்கு விருந்து வெச்ச மாதிரி. அதான் இப்படிப் பரவியிருக்கு. சரி, வீட்டுல பூனை இருக்கா?"

வில்லியம் வாயைத் திறக்குமுன் அமலம்மாள் சிரித்துவிட்டாள். "பூனையா? டாக்டர், இவரு நிழல் பட்டாலே பூனை வேற பிளாக்குக்குக் குடிமாறிரும். இவருதான் எங்க பிளாக்ல பூனைக்கே தடை போட்டவரு."

"அப்படியா? இந்த வகை பெரும்பாலும் பூனைக்குட்டிகிட்டயிருந்துதான் வரும். அதுக்கு லேசா முடி கொட்டும், சில குட்டிக்கு அதுகூடத் தெரியாது. நாம தூக்கிக் கொஞ்சுவோம், ஒட்டிக்கும்" என்று டாக்டர் அவரையே பார்த்தாள். வில்லியம் சுவரில் தொங்கிய பல் படத்தை உற்றுப் பார்த்தார். "பூனை இல்லன்னா, வேற ஆள்கிட்டயிருந்து வந்திருக்கணும். தோலோட தோல் பட்டா வரும். துணிமணி, துண்டு, தலகாணி, இதுலகூட அந்தப் பூஞ்சையோட தூள் பல மாசம் உயிரோட இருக்கும்."

அமலம்மாளின் சிரிப்பு நின்றது. துண்டு, தலகாணி எதுவும் அவள் காதில் விழவில்லை. தோலோடு தோல் என்பது மட்டும்தான் விழுந்தது.

வில்லியத்துக்கோ வேறொன்று விழுந்தது. துணிமணி! வீட்டுக்கு வந்ததும் நேரே சங்க அறைக்கு ஓடினார். பிரின்சஸ், ஆமாம், அதற்குப் பெயர்கூட வைத்திருந்தார், வழக்கம்போல வெஸ்ட் குவியலின் மேல் மகாராணியாகப் படுத்துக்கொண்டு காதைச் சொறிந்தது. அந்த வெஸ்ட்டுகளைத்தான் தினமும் மாலையில் பொருளாளர் சிவநேசனும் துணைத்தலைவர் சாஹித்தும் மாட்டிக்கொண்டு, மோட்டார்சைக்கிள் திருடர்களைத் தேடிச் சுற்றுகிறார்கள். அன்றைக்கே எல்லா வெஸ்ட்டையும் கொதிநீரில் ஊறவைத்து, தேய்த்து, வெயிலில் காயப்போட்டார். ஒரு முடிகூட மிச்சமில்லை. ஆனால் போட்டுக்கொண்டவர்களைக் கொதிநீரில் ஊறவைக்க முடியாதே.

அடுத்த நாள் லிஃப்டில் அமலம்மாள் சிவநேசனின் மனைவி புஷ்பவள்ளியிடம் மனசுவிட்டுச் சொன்னாள். புஷ்பவள்ளியின் முகம் மாறியது. "என் வீட்டுக்காரருக்கும் தோள்ல ரெண்டு இருக்குக்கா. வட்டமா." இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லிஃப்ட் அவர்கள் மாடியைத் தாண்டி மேலே போனது. அப்படியே போய் சாஹித்தின் மனைவி நூர்ஜானின் கதவைத் தட்டினார்கள். சாஹித்துக்குக் கழுத்தில் மூன்று.

மூன்று ஆண்கள். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி வட்டம். போன மாதம்தான் மூன்று பேரும் ஒரு வேன் பிடித்து, தாய்லாந்தில் இருக்கும் ஹாட்யாய் போய் வந்தார்கள். மலிவாகக் கால்பந்து ஜெர்சி வாங்கப் போவதாகச் சொன்னார்கள். எல்லையைத் தாண்டி ஹாட்யாய் போகிற பினாங்கு ஆண்கள் என்னவெல்லாம் வாங்கப் போவதாகச் சொல்வார்கள் என்பது பினாங்கு மனைவிகளுக்குத் தெரியாததல்ல. அங்கே உடம்புபிடித்துவிடும் கடைகள் வீதிக்கு வீதி இருப்பதும் தெரியும்.

அன்றிலிருந்து அடுக்குமாடியில் மூன்று வீட்டில் புயல். சிவநேசன் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தான். நூர்ஜான் சமைத்த மீன் கறியெல்லாம் சாஹித்தைத் தாண்டிப் பிள்ளைகளின் தட்டுக்குப் போனது. அவனுக்கு வெறும் கஞ்சி. இருவரும் செயலாளரிடம்தான் வந்து புலம்பினார்கள்.

"அண்ணே, சத்தியமா நாம ஒரு தப்பும் பண்ணலைல்ல? நீங்களும் கூட இருந்தீங்கல்ல? வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நீங்க சொன்னா நம்புவாளுங்க" என்று சிவநேசன் கெஞ்சினான்.

"சீதோஷ்ணம் சரியில்ல. சூட்டுக் கட்டியா இருக்கும்" என்றார் வில்லியம், கூரையைப் பார்த்துக்கொண்டு. சொன்ன வாய் அவருக்கே கசந்தது. சாஹித் கஞ்சி குடித்துக் குடித்து வேறு இளைத்திருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த இரண்டு அப்பாவிகளும் தப்பித்துவிடுவார்கள். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு ரொஸ்னாவின் முகத்தில் எப்படி விழிப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் பூசை முடிந்து வந்து அறையைத் திறந்தால், பிரின்சஸைக் காணோம். ஜன்னல் கண்ணாடி ஒன்று சரிந்திருந்தது. நாற்காலி நாற்காலியாக நகர்த்திப் பார்த்தார். யாரிடம் சொல்லித் தேடுவது? மணலை மாற்றினார், தரையைத் துடைத்தார், மீனை மறுபடியும் குடைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் மூன்று மனைவிகளும் நின்றுகொண்டிருந்தார்கள். பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சிவநேசனும் சாஹித்தும்.

விசாரணை கார் நிறுத்துமிடத்திலேயே ஆரம்பித்தது. புஷ்பவள்ளிதான் கேட்டாள்.

"ஹாட்யாய்ல எந்தக் கடைக்குப் போனீங்க?"

"ஜெர்சிக் கடைக்குத்தான்னு எத்தனை தடவை சொல்றது!" என்றான் சிவநேசன்.

"ஜெர்சிக் கடைக்குப் போனா தோள்ல எப்படி வரும்? சட்டைய கழட்டுனீங்களா?"

"கழட்டாம எப்படிப் போட்டுப் பாக்குறது?"

சாஹித் கண்ணை மூடிக்கொண்டான். புஷ்பவள்ளி மற்ற இருவரையும் பார்த்து, "கேட்டீங்களா? சட்டைய கழட்டியிருக்காரு" என்றாள். மேல்மாடிகளில் ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தது.

சிவநேசனின் கண் கலங்கியதைப் பார்த்ததும் வில்லியத்துக்குப் பொறுக்கவில்லை.

"அவனுங்கள விடுங்க. எல்லாத்துக்கும் நான்தான் காரணம்" என்றார். "ஒரு பூனைக்குட்டி. சங்க ரூம்ல வெச்சு நான் வளக்குறேன். அதுக்குத்தான் படர்தாமரை. அது வெஸ்ட்டு மேல படுக்கும். அதுலயிருந்து இவனுங்களுக்கு வந்திருக்கு."

சிரிப்பு வெடித்தது. நூர்ஜான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே," என்றாள் புஷ்பவள்ளி, உருகிப்போன குரலில், "நீங்க எவ்வளவு நல்லவரு. கூட்டாளிங்களக் காப்பாத்துறதுக்காக உங்க பேரையே கெடுத்துக்கப் பாக்குறீங்களே. ஆனா கொஞ்சம் நம்புற மாதிரி சொல்லக்கூடாதா?"

"இவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல, அதான் இப்படிக் கேவலமா வருது" என்றாள் அமலம்மாள்.

"பொய் இல்லலா! வந்து பாருங்க!" என்று வில்லியம் அறையைத் திறந்து காட்டினார். பளபளவென்ற தரை. வாளியில் புது மணல். மடித்து வைத்த வெஸ்ட்டுகளில் சோப்பு வாசம். தன் கையாலேயே எல்லாத் தடயத்தையும் துடைத்து வைத்திருந்தார். குடையை விரித்தார். காகிதத்தில் சுற்றின மீன் கீழே விழுந்தது.

"சரி, மீன். உங்களுக்குத்தான் மீன்னா ரொம்பப் புடிக்குமே" என்றாள் அமலம்மாள்.

மாடிப்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த ரொஸ்னா இப்போதுதான் வாயைத் திறந்தாள். "என்னா வில்லியம் அண்ணே, எதையோ தொலைச்சிட்டீங்க போல?"

வில்லியம் திரும்பினார். அவள் கண்ணில் எல்லாம் இருந்தது.

"உனக்குத் தெரியுமா?"

"அந்த ஜன்னல் கண்ணாடி ரொம்ப நாளா சரியில்ல. மத்தியானம் நான் பூனைக்குச் சோறு வைக்க வரும்போதெல்லாம் உள்ள பேசுறது கேக்கும். ரேடியோ நாடகம்னுதான் முதல்ல நெனச்சேன்" என்றாள் ரொஸ்னா. "குட்டி இங்கதான் காருங்களுக்குக் கீழ எங்கயோ இருக்கு. காலையில பாத்தேன். நான் கூப்பிட்டா வரல. நீங்க கூப்பிடுங்க, வரும். ஆனா அதுக்கு முந்தி ஒரு பேச்சு."

"என்னா பேச்சு?"

"சோறு வைக்க எனக்கு ஓர் இடம் வேணும். சுத்தமா வெச்சிப்பேன். பூனைங்களுக்குக் கருத்தடை பண்ணச் சங்கம் ஒத்தாசை பண்ணணும்."

வில்லியம் சாஹித்தின் ஒடுங்கிய கன்னத்தைப் பார்த்தார். "சரி" என்றார்.

"அப்ப கூப்பிடுங்க."

வில்லியம் கார்களுக்கு நடுவே போய் நின்றார். தொண்டையைச் செருமினார். "பூனை! வெளிய வா!"

ஒன்றும் அசையவில்லை.

"அது என்னா, திருடன கூப்பிடுற மாதிரி! தினம் கூப்பிடுவீங்களே, அந்தக் குரல்ல" என்றாள் ரொஸ்னா.

வில்லியம் மேலே பார்த்தார். எல்லா மாடியிலும் ஆட்கள். யாரோ குழந்தையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தொழிற்சாலை வாசலையே நடுங்கவைத்த அந்தத் தொண்டையிலிருந்து, வெண்ணெயில் தோய்த்தெடுத்த மாதிரி ஒரு குரல் வந்தது.

"பிரின்சஸ்... டாடி வந்துட்டேன் பாரு... யாரு டாடியோட முத்து? யாரு டாடியோட தங்கம்? மீனு மம்மு சாப்பிடலாமா செல்லக்குட்டி?"

ஒரு சிவப்புக் காருக்கு அடியிலிருந்து வாலைக் கொடிமரம் மாதிரி நிமிர்த்திக்கொண்டு வெள்ளைக் குட்டி ஓடி வந்தது. கால்சட்டையில் நகம் பதித்து ஏறி, வயிற்றைக் கடந்து, தோளில் உட்கார்ந்து, முடி உதிர்ந்த காதை அவர் தாடை வட்டத்தின் மேல் தேய்த்தது. விளக்கம் சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை.

அடுக்குமாடியே கை தட்டியது. சிவநேசன் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினான். "இப்ப என்னா சொல்ற?"

"அதெல்லாம் சரி" என்றாள் புஷ்பவள்ளி. "ஜெர்சி எங்க? அத இன்னும் நான் பாக்கவே இல்லையே?"

அமலம்மாள் மட்டும் கை தட்டாமல் மேலே போய்விட்டாள். வில்லியம் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு பயந்து பயந்து வீட்டுக்குள் நுழைந்தார். அவள் சமையல்கட்டில் முதுகைக் காட்டி நின்றாள்.

"பூனை வளத்ததுக்குக் கோவம் இல்ல. மறைச்சதுக்குக்கூட இல்ல" என்றாள். "கல்யாணமாகி இத்தனை வருசத்துல என்னைய ஒரு நாளாச்சும் அந்தக் குரல்ல கூப்பிட்டிருக்கீங்களா? பெத்த பையன்கிட்டகூட 'டாடி'ன்னு உங்க வாயில வந்ததில்ல."

வில்லியம் வாசல் கதவைச் சாத்தினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அமலா... செல்லம்..." என்றார்.

"ஐயோ போதும், பயமா இருக்கு" என்றாள் அமலம்மாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று கிட்டே போனவருக்குத் தெரிந்தது, சிரிக்கிறாள்.

அதற்குப் பிறகு வைத்தியம். மூன்று ஆண்களுக்கும் டாக்டர் காமினி தந்த களிம்பு, காலையும் மாலையும். வட்டம் மறைந்ததுமே வில்லியம் நிறுத்தப் பார்த்தார். "தோல்ல மறைஞ்சாலும் உள்ள இருக்கும்னு டாக்டர் சொன்னாங்கல்ல?" என்று அமலம்மாள் விடாமல் பூசவைத்தாள். வெஸ்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினார்கள். பிரின்சஸை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனவள் ரொஸ்னா; கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவர் வில்லியம். மாத்திரை தந்தார்கள், வாரம் இரண்டு முறை குளிப்பாட்ட ஒரு மஞ்சள் மருந்தும் தந்தார்கள். அழுகின முட்டை நாற்றம். சோதனையில் பூஞ்சை இல்லையென்று வரும்வரை குட்டி சங்க அறையை விட்டு வெளியே வரக் கூடாது, தொடுகிறவர் கையுறை போட வேண்டும் என்று கட்டளை. கையுறையும் பழைய மழைச்சட்டையுமாக வில்லியம் அதைக் குளிப்பாட்டும் நாட்களில் நாற்றம் ஐந்தாவது மாடி வரை போனது. புகார்கள் முறைப்படி செயலாளருக்கு வந்தன. செயலாளர் ஒவ்வொன்றையும் மரியாதையாகப் பெற்றுக்கொண்டு, நடவடிக்கை எடுக்கப்படும் என்றார்.

சோதனை சரியான பிறகு பிரின்சஸ் மேலே வீட்டுக்கு வந்தது. நெஞ்சின் மேல் படுக்கவைக்கக் கூடாது என்று அமலம்மாள் கண்டிப்பாகச் சொன்னாள். இப்போது அது அவள் மடியில்தான் படுக்கிறது.

அந்த வருட ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் பதவிக்கு முதல்முறையாகப் போட்டி வந்தது. ரொஸ்னா நின்றாள், ஜெயித்தாள். வில்லியம் ரோந்துப் பொறுப்பை மட்டும் வைத்துக்கொண்டார். மாலையில் சிவநேசனோடும் சாஹித்தோடும் சுற்றி வரும்போது லிஃப்டில் யாரும் குப்பைப் பையை மறைப்பதில்லை, "பிரின்சஸ் சாப்பிட்டாச்சாண்ணே?" என்றுதான் கேட்கிறார்கள். தோற்றதைப் பற்றி யாராவது கிண்டினால், "நமக்கும் பதினேழு ஓட்டு விழுந்துச்சு தம்பி, அதுல ஒண்ணு ரொஸ்னா போட்டது" என்பார். ரொஸ்னாவிடம் கேட்டால் வேர்க்கடலையை உரித்துக்கொண்டு, இல்லையென்றும் சொல்வதில்லை, ஆமென்றும் சொல்வதில்லை.